ஒருவேளை அண்ணாவின் இடக்கை விரல்கள்

காஞ்சிபுரத்தில் கவலைப்படுவதற்கென்று அரசாங்கம் ஓர் உத்தியோகத்தை உண்டாக்கியிருந்தால், விண்ணப்பமே வாங்காமல் நேராக ஒருவேளை அண்ணாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். அவரும் உட்கார்ந்திருப்பார், நாற்காலியின் நாலு கால்களையும் ஆட்டிப் பார்த்த பிறகு.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை இங்கே எழுதினால் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தருக்கும் ஆள் யாரென்று விளங்காது. எந்தப் பேச்சையும் அவர் ‘ஒருவேள’ என்றுதான் ஆரம்பிப்பார். “ஒருவேள மழ வந்துட்டா?” “ஒருவேள பஸ்ஸு முன்னாடியே போயிட்டிருந்தா?” கேட்டுக் கேட்டு ஊரே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது.

வெளியே கிளம்பினால் வாசல் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போவார். திரும்பி வந்து நாலாவது தரம் இழுப்பார். ஒருநாள் இழுத்த இழுப்பில் பூட்டே கையோடு வந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். “பாத்தீங்களா சார், இந்தப் பூட்ட நம்ப முடியாதுன்னு நான் அப்பவே சொல்லல?” என்றார். அவரோடு வாதம் செய்து ஜெயித்தவர் கிடையாது.

தொழில் பட்டு நெசவு. பிரியம் கிடார். எழுபதுகளில் எங்கள் ஊரில் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். பாட்டுக்கு ஒருவர், அவர்தான் லீடர். தபேலாவுக்கு ஒருவர். பகலில் நகராட்சி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான், சாயங்காலத்தில் “அடுத்து வரும் பாடல்” என்று மைக்கில் சொல்கிற அறிவிப்பாளர். ஒருவேளை அண்ணாதான் கிடார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்து, யாரிடமும் போகாமல் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டது. ஊரிலேயே அது ஒன்றுதான் என்பதால் நன்றாக வாசிக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. கிடார் மடியில் இருக்கும்போது மட்டும் அவர் ஒருவேளை என்று சொல்லமாட்டார்.

மற்றபடி மேடையிலும் கவலைதான். மைக் ஷாக் அடிக்கும் என்று ஒரு மணைக்கட்டை கொண்டுவந்து அதன்மேல் ரப்பர் செருப்போடு நிற்பார். கோயில் திருவிழாவில் செருப்போடு மேடை ஏறக்கூடாது என்று சொன்னார்கள். மறுநாள் சைக்கிள் ட்யூபை வெட்டி இரண்டு பாதத்திலும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். சாமி பார்க்க வந்தவர்கள் இவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் கவலைப்பட்ட மனுஷர், நிஜமாகவே கவலைப்பட வேண்டிய ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அது அவருடைய சொந்த இடக்கையில் இருந்தது.

கிடார் கம்பி இரும்பு. நாள்தோறும் அமுக்கினால் இடக்கை விரல் நுனிகள் காய்த்துப்போகும். கிடார்காரர்களுக்கு அது பெருமை. ஆனால் பட்டு நெய்கிறவருக்கு விரல் நுனிதான் எல்லாம். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவதும், நெய்த துணியைத் தடவிப் பார்ப்பதும் அதனால்தான். காய்த்த விரல் பட்டின்மேல் போனால் இழையைப் பிடித்து இழுத்துவிடும்.

ஒரு நாள் காலை, முடித்த புடவையை எடுத்துக்கொண்டு முதலாளி கடைக்குப் போனார். தறியில் ஏற்றுகிற நீள இழைகளை, பாவு என்போம், கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி நல்ல மனுஷர்தான், ஆனால் கண் ரொம்பக் கூர்மை. புடவையை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அண்ணாவின் இடக்கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

“இன்னாபா இது, விரலா அரமா?”

“கிடார் மொதலாளி.”

“முந்தானைல பத்து எடத்துல இழ எழும்பிக்கினு இருக்குது, பாரு. இதோ பார்பா. என் பொண்ணு முகூர்த்தப் பொடவைய உன் தறிலதான் ஏத்தப் போறேன். கரையும் ஒடம்பும் சேர்ற எடத்துல உன்ன மாதிரி சுத்தமா நெய்ய ஆள் இல்ல. ஆனா அதுல ஒரு இழ எழும்பிச்சுன்னா, அதோட நம்ம கணக்கு முடிஞ்சிடும். அப்புறம் உனக்குப் பாவு கெடையாது.”

“அப்ப கிடார உட்டுடணுமா?”

“அத நான் சொல்லல. வரவேற்புக்கு உங்க செட்டத்தான் சொல்லி வெச்சிருக்கேன். வந்து வாசி. ஆனா விரலு பட்டு மாதிரி இருக்கணும்.”

அண்ணா நேராக நகராட்சி ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். கிடாரை வாசித்தால் தறி போகும். கிடாரை விட்டால் கல்யாணக் கச்சேரி போகும், அதோடு எங்கள் குழுவும் போகும். வாழ்நாளெல்லாம் இல்லாத ஆபத்துக்கு ஒத்திகை பார்த்தவருக்கு நிஜ ஆபத்து வந்தபோது பேச்சே வரவில்லை. அவர் ஒருவேளை என்று சொல்லாததைப் பார்த்து எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து வைத்தியம் நடந்தது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், பாதம் தேய்க்கும் கல், எல்லாம் பார்த்தார். பழைய சைக்கிள் ட்யூப் மறுபடி உதவிக்கு வந்தது. விரல் நுனிகளுக்கு அதில் குல்லா தைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். கிடாரிலிருந்து கிடார் சத்தத்தைத் தவிர எல்லாச் சத்தமும் வந்தது.

லீடர்தான் யோசனை சொன்னார். “அண்ணா, பேசாம ஆர்கனுக்கு மாறிடுங்க. மெட்ராஸ்ல எல்லா செட்லயும் இப்ப அதான். கம்பியே கெடையாது. கட்டைய அமுக்கினா போதும். வாங்கறத நான் பாத்துக்கறேன், நீங்க போய் எது நல்லதுன்னு பொறுக்கிக்கினு வாங்க.” இப்போது கீபோர்டு என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வாயில் அது கரண்ட் ஆர்மோனியம்.

“ஒருவேள ஷாக் அடிச்சா?” என்று கேட்டார் அண்ணா. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

புரசைவாக்கத்தில் ஓர் ஆர்கன்காரரிடம் விற்பதற்கு இரண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு நானும் அவரும் போனோம். கிளம்பும்போது அவர் மனைவி கமலா அண்ணி, தறியில் அவரோடு கரைப் பக்கம் உட்கார்ந்து ஊடை இழை சுற்றிய நாடாவை எறிகிறவர், ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார். “சத்தம் எப்டி இருந்தாலும் பரவால்ல. விரலுக்கு உறுத்தாம பாத்து எடுங்க.”

இந்த ஒரு வார்த்தைதான் வினை ஆயிற்று.

ஆர்கன்காரர் இரண்டையும் மேஜைமேல் வைத்தார். ஒன்று பெரியது. அவர் அதில் கை வைத்ததும் வீடே நிறைந்தது. எனக்கு அப்போதே கல்யாண மண்டபமும் கைதட்டலும் தெரிந்தன. இன்னொன்று சின்னது, கட்டைகளும் குறைச்சல், ஜலதோஷம் பிடித்த குரல். “நீ வாசிச்சுப் பாரு நைனா” என்று ஒதுங்கி நின்றார்.

அண்ணா உட்கார்ந்தார். முதலில் பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தடவினார். சுருதி சேர்க்கும் திருகு எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றதும், “அப்ப சுருதி எறங்கிட்டா இன்னா செய்றது?” என்றார். இறங்காது என்றார் அவர். “ஒருவேள எறங்கிட்டா?”

எலி உள்ளே போகுமா, மழை நாளில் தொடலாமா, இடி இடித்தால் தானாக வாசிக்குமா என்றெல்லாம் கேட்டு முடித்தபின் கண்ணை மூடிக்கொண்டார். வாசிக்கப்போகிறார் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் வாசிக்கவில்லை. விரல் நுனியால் ஒவ்வொரு கட்டையாக, அமுக்காமல், விளிம்பை மட்டும் தடவிக்கொண்டு போனார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்துப் பட்டு இழையை எடுத்தார். அதைக் கட்டைகளின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இழுத்தார்.

பெரியதில் நடுவே ஒரு கட்டையின் மூலை கொஞ்சம் சில்லு பெயர்ந்திருந்தது. இழை அங்கே மாட்டிக்கொண்டது. சின்னதில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“இதான் சார்” என்றார், சின்னதைக் காட்டி.

ஆர்கன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னா நைனா, இவரு வாசிக்கப் போறாரா, நெய்யப் போறாரா?”

“அண்ணா, ஒரு தரமாவது அமுக்கிப் பாருங்க” என்று கெஞ்சினேன். எனக்காக ஒரு கட்டையை அமுக்கினார். ஜலதோஷக் குரல் வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். இசைக் கருவியை இப்படிப் பொறுக்கிய ஆளை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. வெள்ளை வேட்டியில் அதைச் சுற்றி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாபா, யாரு இது படுத்துக்கினு?” என்று கேட்டார். காஞ்சிபுரம் வரை எங்கள் பக்கத்து ஸீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை.

அடுத்த அமாவாசைக்கு ஒத்திகை. அமாவாசையன்று தறி ஓடாது, அதனால் எங்கள் ஒத்திகையெல்லாம் அன்றுதான். போய்ப் பார்த்தால் ஆர்கன் தறிக்குழியின் விளிம்பில் ஒரு பலகைமேல் இருந்தது. அண்ணா குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நெய்ய உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். “நாற்காலில ஒக்காந்தா காலு சும்மா இருக்குது சார். காலு சும்மா இருந்தா கை ஓட மாட்டேங்குது” என்றார். குழிக்குள்ளே அவருடைய கால்கள் இல்லாத மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தன. தாளம் மட்டும் பிசகவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

கைதான் படுத்தியது. வலக்கை பழக்க தோஷத்தில் கம்பியைத் தட்டுகிற மாதிரி மேலும் கீழும் போய்க் கட்டைகளை அறைந்தது. இடக்கை ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டு, கிடாரில் ஸ்வரத்தை நெளிப்பதுபோல ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது. “அசையவே மாட்டேங்குது சார். எங்க உட்டமோ அங்கியே நிக்குது. ஒருவேள கெட்டுப்போச்சா?”

“அது அப்டித்தான்ணா.”

“பாவம்” என்றார். ஆர்கனைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த கிடாரை அவர் ஒரு தரம் பார்த்ததை நான் பார்த்தேன்.

முதலாளி மகளின் பாவு தறியில் ஏறிவிட்டது. அதற்கடுத்த மாதங்களெல்லாம் கமலா அண்ணி தினமும் காலையில், தறியில் இறங்குமுன், அவருடைய விரல் நுனிகளில் ஒரு பட்டு இழையை வைத்து இழுத்துப் பார்ப்பார். மாட்டினால் அன்றைக்கு அந்தக் கை துணியைத் தொடக்கூடாது. காய்ப்பு மெல்ல உரிந்தது. ஆபீசுக்குப் போகிற வழியில் நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன். “இன்னிக்கு மாட்டலப்பா” என்று அண்ணி சொன்னால்தான் அன்றைக்கு எனக்குக் காப்பி இறங்கும். கவலை தொற்றுநோய் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

புடவை முடிந்தது. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்து, தடவி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, “ம்” என்றார்.

அந்த ‘ம்’ ஒரு வாரம் எங்களைத் தூங்கவிடவில்லை. “ஏன் சார் ‘ம்’முன்னாரு? நல்லா இருக்குதுன்னா வாயத் தொறந்து சொல்லியிருப்பாரே. ஒருவேள கல்யாணம் முடியட்டும்னு இருக்காரோ?”

காலையில் முகூர்த்தம், அன்று சாயங்காலமே வரவேற்பு. பொழுது இன்னும் சாயவில்லை. மேடைக்காரரிடம் அண்ணா கெஞ்சி நடுவில் ஒரு பலகையை எடுக்கச் சொல்லி, அந்த ஓட்டைக்குள் காலை விட்டுக்கொண்டு தறிக்குழியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். சின்ன ஆர்கன் எதிரே மணைமேல். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, “பாவம், இவருக்குக் காலு எப்பப் போச்சு?” என்று மெதுவாகக் கேட்டார். விளக்கிச் சொல்ல நேரமில்லாததால் “சின்ன வயசுல” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பாட்டு போயிற்று. ஜலதோஷக் குரலானாலும் யாரும் எழுந்து போகவில்லை. மூன்றாவது பாட்டை நான் அறிவித்துக்கொண்டிருக்கும்போது, வாசல் அலங்கார விளக்குகளின் பாரம் தாங்காமல் மண்டபத்து ஃப்யூஸ் போயிற்று. மைக் செத்தது. ஆர்கன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஃப்யூஸ் போடுகிறவர் எங்கேயோ போயிருந்தார்.

கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று அண்ணா என்னிடம் இருபது தரமாவது கேட்டிருப்பார். “வாயக் கழுவுங்கண்ணா” என்று இருபது தரமும் சொல்லியிருந்தேன். வாழ்நாளெல்லாம் அவர் சொன்ன ஒருவேளைகளில் பலித்தது அந்த ஒன்றுதான்.

மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. “வெளக்கு அணைஞ்சது சரியில்லியே” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. முதலாளி முகம் வெளுத்துவிட்டது. மேடைக்கு ஓடிவந்தார். “எதுனா செய்ங்கபா. சும்மா நிக்காதீங்க.”

அண்ணா ஓட்டைக்குள்ளே குனிந்தார். மேடைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டை வந்தது. அதற்குள்ளே கிடார். எங்களுக்கே தெரியாமல் கொண்டுவந்து வைத்திருந்தார், சுருதியும் சேர்த்து. ஓட்டையிலிருந்து கையை ஊன்றி எழுந்து இரண்டு காலில் நின்றார். முன்வரிசையில் காலைப் பற்றிக் கேட்ட பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் வாசிக்கவில்லை. முதலாளியைப் பார்த்து இடக்கையை நீட்டினார். விரல்கள் குழந்தை விரல் மாதிரி இருந்தன. “இது இப்பத்தான் மொதலாளி பட்டாச்சு. கம்பில வெச்சா கிழிஞ்சிடும். ஒருவேள அடுத்த பாவுல இழ எழும்பிச்சுன்னா...”

முதலாளி மகளைத் திரும்பிப் பார்த்தார். அதே முகூர்த்தப் புடவையில் அவள் தலை குனிந்து நின்றிருந்தாள்.

“வாசிபா” என்றார். “பாவு எங்கியும் போயிடாது.”

வாசித்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் பேச்சு அடங்கிவிட்டது. மாதக்கணக்கில் அசையாத கட்டையோடு மல்லுக்கட்டிய கை, கம்பிமேல் போனதும் ஸ்வரத்தை நெளித்தது பாருங்கள், லீடர் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஐந்து பாட்டு. மூன்றாவது பாட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் கம்பியில் சிவப்பு தெரிந்தது. நிறுத்துங்கள் என்று சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். கரண்ட் வந்ததும் மறுபடி ஓட்டைக்குள் இறங்கி, இடக்கையை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு, மிச்சக் கச்சேரியை ஒற்றைக் கையால் முடித்தார்.

முடிந்தபின் முதலாளி வந்தார். அன்றைக்குப் பிடித்த அதே இடக்கையைப் பிடித்துத் துண்டைப் பிரித்துப் பார்த்தார். “எட்டு நாளு தறில உக்காராத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணா எட்டு நாளும் என்னைக் கொன்றுவிட்டார். ஒன்பதாம் நாள் காலை முதலாளியே புதுப் பாவு ஒன்றை ஆள் தூக்கிவர முன்னால் நடந்து வந்தார். பிறகுதான் எங்கள் தெருவில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்தச் சாக்கில் கிடார் மட்டும் இல்லை. சினிமா விளம்பர வண்டியில் வைத்துக் கத்துவார்களே, அந்தத் தகரக் குழல் ஒன்றும் இருந்தது. இரவல் வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு. “ஒருவேள மைக்கு போயிட்டா நீங்க கத்தணுமே சார், தொண்ட கட்டிக்குமே” என்று என் கையில் திணித்தார். தன் விரல் கிழியப்போகிற நேரத்தில் என் தொண்டையை நினைத்துக்கொண்டு நின்ற ஆளை என்னவென்று சொல்வது? கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்த பாட்டை அறிவிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்கப்புறம் அவர் ஆர்கன்காரர்தான். ஆனால் ஒவ்வொரு கச்சேரிக்கும் அந்தச் சாக்கு மேடைக்கு அடியில் வந்து படுத்திருக்கும். கரண்ட் போகாதா என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொள்வேன். அப்புறம் அந்த விரல்கள் ஞாபகம் வந்து, போகவேண்டாம் என்று அவசரமாக மாற்றி வேண்டிக்கொள்வேன்.

எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், இவன் எதற்குத் திடீரென்று இப்படிச் சொல்கிறான், ஒருவேளை உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அன்று முழுக்க என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.